புதுசா வாங்கின மீன் நோயாகிவிட்டதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மீன் வளர்க்கிறேன் என்று தெரிந்தவர்கள் எல்லோரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "நேத்துதான் வாங்கினேன், ஓரமா ஒதுங்கி நிக்குது, என்ன மருந்து போட?" முதலில் போட்டோ வரும், பின்னாலேயே வீடியோ வரும். தொட்டி வைத்து எத்தனை நாள் ஆயிற்று, தண்ணீர் எப்படி இருக்கிறது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துப்போய் எல்லாவற்றையும் இங்கே ஒன்றாகப் போட்டுவிட்டேன். சொல்வதெல்லாம் நன்னீர் மீன்களுக்கு. கடல்மீன் தொட்டி வேறு கதை.

வாங்கி ரெண்டு நாள் ஆச்சு, சாப்பிடவே மாட்டேங்குது. நோயா?

நோயாக இருக்க வேண்டும் என்று இல்லை. பண்ணையில் பிறந்து, மொத்த வியாபாரி, கடை, உங்கள் வீடு என்று சில வாரங்களுக்குள் மூன்று நான்கு தண்ணீர் மாறி, ஒவ்வொரு இடத்திலும் வலையில் அள்ளப்பட்டு வந்திருக்கும் மீன் அது. நிறம் வெளிறுவது, மூலையில் பதுங்குவது, ஓரிரு நாள் தீனியைத் திரும்பிப் பார்க்காமல் இருப்பது எல்லாம் அந்த அலைச்சலில் வருவதுதான். வளர்ந்த, ஆரோக்கியமான மீன் சில நாள் பட்டினி கிடந்தாலும் ஒன்றும் ஆகாது.

விளக்கை அணைத்துவிடுங்கள், கண்ணாடியைத் தட்டாதீர்கள், பிள்ளைகளையும் தட்ட விடாதீர்கள். மறுநாள் ஒரு சிட்டிகை தீனி போட்டுப் பார்த்து, இரண்டு மூன்று நிமிடத்தில் தின்னாததை எடுத்துவிடுங்கள். மூன்றாம் நாளும் சாப்பிடாமல், கூடவே துடுப்பை உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்வது, வேகமாக மூச்சு வாங்குவது, கல்லில் உரசுவது என்று ஏதாவது இருந்தால் தொடர்ந்து படியுங்கள்.

கவர்ல இருந்து அப்படியே தொட்டியில ஊத்திட்டேன். பரவாயில்லையா?

ஊற்றியதைத் திரும்ப எடுக்க முடியாது, தொட்டித் தண்ணீரில் கால் பங்கை மாற்றிவிடுங்கள். அடுத்த முறை கவரை 15 முதல் 20 நிமிடம் தொட்டியில் மிதக்க விட்டு, பிறகு அரை மணி நேரம் தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கவருக்குள் சேர்த்து, கடைசியில் மீனை மட்டும் வலையால் எடுத்து விட வேண்டும். கவர் தண்ணீரில் மீனின் கழிவும், கடைத் தொட்டியிலிருந்து வந்த ஒட்டுண்ணிகளும் இருக்கலாம். அது சாக்கடைக்குத்தான்.

ஒரு விதிவிலக்கு உண்டு. கவருக்குள்ளேயே பல மணி நேரம் பயணம் செய்து வந்த மீனுக்கு இந்த நிதானம் ஆகாது. மூடிய கவரில் மீன் விடும் கரியமில வாயு சேர்ந்து பிஎச் (தண்ணீரின் அமில-கார அளவு) இறங்கியிருக்கும், அதனால் மீன் கழிவிலிருந்து அங்கே சேர்ந்திருக்கும் அம்மோனியா அவ்வளவாகத் தீங்கு செய்யாத வடிவில் இருக்கும். கவரைத் திறந்து காற்று பட்டதும் பிஎச் ஏறி அதே அம்மோனியா விஷமாகிவிடும். ஆகவே வெப்பம் சமமானதும் கவரைத் திறந்து உடனே மீனை மாற்றிவிடுங்கள்.

மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது. ஆக்சிஜன் பத்தலையா?

இருக்கலாம். தண்ணீர் சூடாக ஆக அதில் ஆக்சிஜன் குறையும், மேற்பரப்பு அசையாமல் கிடந்தாலும் குறையும். ஏர் பம்ப் ஓடும்போதே இப்படி வாயைத் திறந்தால் பிரச்சினை செவுளிலோ ரத்தத்திலோ இருக்கிறது. அம்மோனியா செவுளை அரிக்கும். அம்மோனியாவிலிருந்து பாக்டீரியா உண்டாக்கும் நைட்ரைட் ரத்தத்தில் கலந்துவிட்டால், சுற்றிலும் ஆக்சிஜன் இருந்தும் ரத்தத்தால் அதைச் சுமக்க முடியாது, செவுள் சிவப்பு மாறிப் பழுப்பாகும்.

நான் பார்க்கும் குறி இது: தொட்டியில் எல்லா மீனும் மேலே வந்தால் தண்ணீரில் கோளாறு, ஒன்று மட்டும் வந்தால் பெரும்பாலும் அந்த மீனுக்குக் கோளாறு. ஃபைட்டர், கௌராமி இரண்டையும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். மேலே வந்து காற்றை விழுங்குவது அவற்றின் பிறவிக் குணம்.

தண்ணி கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கே, அதுல என்ன குறை?

என்னிடம் வரும் கேள்விகளில் பெரும்பாதி இந்த இடத்திலேயே முடிந்துவிடும். அம்மோனியாவுக்கு நிறம் இல்லை. மீன் செவுள் வழியாகவும் கழிவிலும் அதை விட்டுக்கொண்டே இருக்கும், மிஞ்சிய தீனி அழுகினாலும் அதுதான் வரும். ஓடிப் பழகிய தொட்டியில் ஃபில்டரில் குடியிருக்கும் பாக்டீரியா முதலில் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும். முதல் இரண்டும் விஷம், மூன்றாவது அளவோடு இருந்தால் மீன் தாங்கும். இந்த பாக்டீரியா போதுமான அளவு வளர 4 முதல் 6 வாரம் பிடிக்கும். தொட்டி, ஃபில்டர், மீன் மூன்றையும் ஒரே நாளில் வாங்கி வந்தவர் வீட்டில் அந்தப் படை இன்னும் பிறக்கவே இல்லை. "ஒரு வாரம் வெறும் தண்ணீரை ஓடவிட்டேனே" என்பார்கள். தின்ன அம்மோனியா இல்லாத தண்ணீரில் பாக்டீரியா எப்படி வளரும்?

ஒரு டெஸ்ட் கிட் வாங்குங்கள். மருந்து எதையும் வாங்கும் முன் இதை வாங்குங்கள். அம்மோனியா 0, நைட்ரைட் 0 இருக்க வேண்டும். நைட்ரேட் லிட்டருக்கு 40 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் நிம்மதி. முதல் இரண்டில் எது ஏறியிருந்தாலும் தினமும் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை தண்ணீர் மாற்றி, தீனியைக் குறையுங்கள். பிஎச்சும் வெப்பமும் ஏற ஏற அதே அளவு அம்மோனியா இன்னும் கொடியதாகும்.

குழாய்த் தண்ணீர் என்றால் ஆன்டி குளோரின் சேர்க்காமல் ஊற்றாதீர்கள். ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும், குளோரமின் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது) போகாது. ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் பளிச்சென்று கழுவுவதும் இதே தப்புதான், வளர்ந்த பாக்டீரியா அதோடு செத்துவிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் இரண்டு முறை பிழிந்தால் போதும், அழுக்காகத்தான் இருக்கும், இருக்கட்டும்.

உடம்பெல்லாம் உப்பு தூவின மாதிரி வெள்ளைப் புள்ளி. என்ன செய்ய?

இது வெண்புள்ளி நோய், கடைக்காரர்கள் "இக்" என்பார்கள். புதுமீனோடு வரும் நோய்களில் இதைத்தான் அதிகம் பார்க்கலாம். ஒவ்வொரு புள்ளியும் தோலுக்கு அடியில் உட்கார்ந்து தின்னும் ஓர் ஒட்டுண்ணி. தின்று பெருத்ததும் அது மீனை விட்டு விழுந்து, அடிமணலில் ஒட்டி, உறை போட்டு, உள்ளுக்குள் நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிளக்கும். அவை வெளியே வந்து நீந்தி, இரண்டு நாளுக்குள் ஒரு மீன் கிடைக்காவிட்டால் சாகும். தோலுக்கு அடியில் இருக்கும்போதும் உறைக்குள் இருக்கும்போதும் மருந்து அதைத் தொடாது. நீந்தித் திரியும் அந்தக் கொஞ்ச நேரம்தான் நமக்குக் கிடைக்கும் வாய்ப்பு.

அதனால்தான் வெப்பத்தை ஏற்றச் சொல்கிறார்கள். 25 டிகிரியில் ஒரு சுற்று முடிய ஏறக்குறைய ஒரு வாரம், சூடு கூடினால் இன்னும் சீக்கிரம், குளிர்ந்த தண்ணீரில் வாரக்கணக்கில் இழுக்கும். வெப்பமண்டல மீனாக இருந்தால் சில மணி நேரத்துக்கு ஒரு டிகிரி வீதம் 29 அல்லது 30 வரை கொண்டுபோங்கள், காற்றைக் கூட்டிவிடுங்கள். கோல்டு ஃபிஷ்ஷுக்கு அந்தச் சூடு வேண்டாம். மாலகைட் கிரீன் கலந்த வெண்புள்ளி மருந்தைப் புட்டியில் உள்ள அளவுப்படி போடலாம். அப்புறம் முக்கியமாக, ஒரு மீனில் புள்ளி தெரிந்தாலும் முழுத் தொட்டிக்கும் சிகிச்சை செய்ய வேண்டும். அந்த மீனை மட்டும் தூக்கி வேறு இடத்தில் வைத்தால் மணலில் இருக்கும் உறைகளை என்ன செய்வது?

மூணே நாள்ல புள்ளி போயிடுச்சு, மருந்தை நிறுத்திட்டேன். இப்ப பத்து மடங்கா வந்திருக்கு!

போகவில்லை, கீழே இறங்கியிருந்தது. மேலே சொன்ன சுற்றை நினைத்துப் பாருங்கள்: புள்ளி மறைந்த நாளில் ஒட்டுண்ணி மணலில் குட்டி போட்டுக்கொண்டிருந்தது. கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் இன்னும் ஒரு வாரம் சிகிச்சை தொடர வேண்டும். நடுநடுவே அடிமணலை சைஃபன் செய்து (குழாயால் உறிஞ்சி) அள்ளிவிட்டால் உறைகளில் ஒரு பகுதி அதோடு வெளியேறும்.

என் கோல்டு ஃபிஷ்ஷுக்கு செவுள் மூடியில மட்டும் வரிசையா வெள்ளைப் புள்ளி. அதுவும் இதேதானா?

புள்ளி செவுள் மூடியிலும் முன் துடுப்பின் முதல் முள்ளிலும் மட்டும் வரிசையாக இருந்து, மீன் துள்ளித் திரிந்தால் வாழ்த்துகள், உங்களுடையது ஆண். இனப்பெருக்கக் காலத்தில் வரும் முடிச்சுகள் அவை. மருந்து வேண்டாம்.

வெள்ளையா இல்ல, தங்கத்தூள் ஒட்டின மாதிரி இருக்கு. லைட்டுக்கு லைட் வேற மாதிரி தெரியுது.

வெல்வெட் நோயாக இருக்கலாம். எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். நேர் வெளிச்சத்தில் சுத்தமாகத் தெரிந்த ஃபைட்டரின் முதுகில் துருப்பொடி மாதிரி ஒரு மஞ்சள் படலம் மின்னும். புள்ளிகள் உப்பை விடப் பொடியாக இருக்கும், மீன் உரசும், மூச்சு வாங்கும். வெண்புள்ளியை விட வேகமாகக் கொல்லும், தள்ளிப்போடாதீர்கள். இந்த ஒட்டுண்ணிக்குப் பச்சையம் உண்டு என்பதால் மருந்தோடு தொட்டியைத் துணி போட்டு மூடி இருட்டாக்குவதும் உதவும். தாமிரம் கலந்த மருந்துதான் வழக்கம், ஆனால் அது இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும்.

வாயைச் சுத்தி பஞ்சு மாதிரி இருக்கு. பூஞ்சைதானே, சூடு ஏத்திடவா?

பொறுங்கள், சூட்டில் கை வைக்காதீர்கள். உண்மையான பூஞ்சை ஏதாவது ஒரு காயத்தின் மேல் வளரும், இழைகள் பஞ்சு போல நிமிர்ந்து நிற்கும். வாயோரத்தில் வெள்ளையாகப் படர்ந்திருந்தாலோ, முதுகில் சேணம் போட்டது போலச் சாம்பல் திட்டு இருந்தாலோ அது பெரும்பாலும் காலம்னாரிஸ். பார்க்கப் பூஞ்சை மாதிரி, ஆனால் பாக்டீரியா. நெரிசலான பயணத்துக்குப் பிறகு தலைதூக்கும், சூட்டில் பரவும், தீவிரமானால் ஓரிரு நாளில் முடித்துவிடும்.

வெண்புள்ளி என்று நினைத்து 30 டிகிரிக்கு ஏற்றிவிட்டு, காலையில் தொட்டி காலி என்று எழுதியவர்கள் உண்டு. மீனைத் தனியே எடுத்து, அந்த வகை தாங்கும் அளவுக்குக் குளிர்ச்சியாக வைத்து, தண்ணீரைச் சுத்தமாக வைத்து, மீன்களுக்கென்றே வரும் பாக்டீரியா மருந்தைக் கொடுக்க வேண்டும். கால்நடை மருத்துவர் ஒருவரைக் கேட்க முடிந்தால் கேளுங்கள்.

எல்லாத்துக்கும் கல் உப்பு போதும்னு சொல்றாங்களே?

எல்லாவற்றுக்கும் போதாது, பலவற்றுக்கு உதவும். லிட்டருக்கு 1 முதல் 3 கிராம். அதாவது 20 லிட்டர் தொட்டிக்கு 2 கிராம் கணக்கில் 40 கிராம். எடை போட்டு, தனியாகக் கரைத்து, ஒரு நாளில் மூன்று நான்கு தடவையாக ஊற்றுங்கள். நைட்ரைட் ஏறியிருக்கும்போது உப்பு உண்மையிலேயே உயிர் காக்கும், அதில் உள்ள குளோரைடு செவுள் வழியே நைட்ரைட் நுழைவதைத் தடுக்கிறது. வெண்புள்ளிக்கும் சூட்டோடு சேர்த்தால் பயன் உண்டு.

தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. ஆவியாகிக் குறைந்த அளவை நிரப்பும்போது வெறும் தண்ணீரை ஊற்றுங்கள், மாற்றிய தண்ணீருக்கு மட்டும் உப்பு சேருங்கள். பலர் தடுமாறுவது இங்கேதான். அடியில் மேயும் கோரிடோராஸ், லோச் மீன் வகைகளுக்கும் செடிகளுக்கும் உப்பு ஆகாது. மோலிக்கு நேர்மாறு: மென்மையான தண்ணீரில் நின்ற இடத்திலேயே நெளிந்து ஆடும் மோலி, கனிமம் மிகுந்த கடினத் தண்ணீர் கிடைத்தாலே பல சமயம் தெளிந்துவிடும்.

மெத்திலீன் புளூ மருந்து இருக்கு. தொட்டியிலேயே ஊத்திடலாமா?

நான் ஊற்றினேன். ஆரம்ப காலத்தில் ஒரு கப்பிக்கு வால் கிழிந்ததைப் பார்த்துப் பதறி, மூடியால் அளக்கக்கூடப் பொறுமை இல்லாமல் ஊற்றினேன். ஒரு வாரத்தில் ஃபில்டர் பாக்டீரியா போய், அம்மோனியா ஏறி, கப்பியோடு நன்றாக இருந்த ஐந்து டெட்ராவும் போயின. தொட்டியின் மூலையில் உள்ள சிலிக்கான் பசை இன்றைக்கும் நீலம்தான். அதைத் தனித்தொட்டியில் மட்டும் பயன்படுத்துங்கள்.

எந்த மருந்தானாலும் ஃபில்டரில் கார்பன் (கரி) இருந்தால் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மருந்தை அது உறிஞ்சிக்கொள்ளும். இரண்டு மருந்தை ஒன்றாகக் கலக்காதீர்கள். கெளுத்தி, லோச் போன்ற செதில் இல்லாத மீன்கள் மாலகைட் கிரீனைத் தாங்காது, புட்டியில் அவற்றுக்கென்று தனி அளவு போட்டிருக்கிறதா என்று பாருங்கள். மாலகைட் கிரீனைக் கையில் படாமலும் கையாளுங்கள்.

நாம சாப்பிடற ஆன்டிபயாடிக் கேப்சூலைப் பிரிச்சுப் போடலாமா?

வேண்டாம். எந்த பாக்டீரியா என்று தெரியாது, அளவு தெரியாது, பாதியில் நிறுத்தினால் மருந்துக்கு மசியாத பாக்டீரியா உங்கள் தொட்டியிலேயே வளரும். வால் அரித்துக் கிழிவது பல சமயம் தண்ணீரைச் சரி செய்தாலே ஆறத் தொடங்கும்.

தனித்தொட்டின்னு சொல்றீங்க, எனக்கு இருக்கறதே ஒரு தொட்டி.

தொட்டியே வேண்டாம். 20, 30 லிட்டர் பிடிக்கும் சுத்தமான பிளாஸ்டிக் டப், ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒரு ஹீட்டர், ஒளிந்துகொள்ள ஒரு துண்டு பிவிசி குழாய். மணல் போடாதீர்கள், கழிவு எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டும். ஸ்பாஞ்சைப் பெரிய தொட்டியின் மூலையில் எப்போதுமே ஓடவிட்டிருந்தால் பாக்டீரியா ஏறி இருக்கும், புதுமீன் வரும் அன்று தூக்கி டப்பில் போட்டால் ஆயிற்று. வேலை முடிந்ததும் ஸ்பாஞ்சைக் கொதிநீரில் அலசிக் காயவையுங்கள், அதைப் பெரிய தொட்டிக்குத் திருப்பும் முன் மறக்காதீர்கள்.

நோய் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் புதுமீன் அங்கே குறைந்தது 2 வாரம், முடிந்தால் 4 வாரம் இருக்கட்டும். வலையும் சைஃபன் குழாயும் அதற்கென்று தனி. ஈர வலை ஒன்று போதும், இவ்வளவு பாடும் வீண்.

வயிறு ஊதியிருக்கு. சினையா, மலச்சிக்கலா, வேற ஏதாவதா?

மேலிருந்து பாருங்கள். செதில்கள் பைன் காய் போலத் தூக்கி நின்றால் அது நீர்க்கோவை. சிறுநீரகம் செயலிழந்து உடம்பில் நீர் கோத்திருக்கிறது என்பதற்கான அடையாளம், இந்த நிலையில் பிழைப்பது அரிது. செதில் படிந்தே இருந்து, கோல்டு ஃபிஷ் தலைகீழாக மிதந்தால் இரண்டு மூன்று நாள் தீனியை நிறுத்தி, பிறகு வேகவைத்துத் தோல் உரித்த பட்டாணியைப் பிய்த்துக் கொடுத்துப் பாருங்கள். பெண் கப்பி என்றால் பின்வயிற்றில் கருந்திட்டு பெரிதாகிக்கொண்டே போகிறதா என்று பாருங்கள், அது சினை.

கப்பியோட ஆசனவாயில சிவப்பு நூல் மாதிரி தொங்குது.

மீன் அசையாமல் நிற்கும்போது அந்த நூல் வெளியே நீளும், நகர்ந்தால் உள்ளே இழுத்துக்கொள்ளும். அப்படியென்றால் கமல்லானஸ் புழு. உப்பு, சூடு எதற்கும் அசையாது. லெவமிசோல் போன்ற புழு மருந்துதான் வழி. எல்லா மீனுக்கும் சேர்த்துக் கொடுத்து, விழுந்த புழுக்களை அடியிலிருந்து சைஃபன் செய்து, இரண்டு மூன்று வாரத்தில் இன்னொரு முறை கொடுக்க வேண்டும்.

கடைக்காரர் "எங்க தொட்டியில நல்லாத்தானே இருந்துச்சு"ங்கறார். பொய்தானே?

பொய்யாக இருக்க வேண்டியதில்லை. பல கடைகளில் தொட்டிகள் எல்லாம் ஒரே ஃபில்டரில் இணைந்திருக்கும், தண்ணீரில் உப்போ மருந்தோ கலந்திருக்கும். நோய் அங்கே அடங்கிக் கிடந்து, பயணக் களைப்பில் உங்கள் வீட்டில் வெளிவரும். உங்கள் தொட்டியிலேயே அம்மோனியா ஏறியிருந்தால் அவரைக் குறை சொல்லவும் முடியாது.

வாங்கும்போது ஒரு மீனைப் பார்க்காதீர்கள், முழுத் தொட்டியைப் பாருங்கள். அதில் ஒன்று செத்துக் கிடந்தாலும், ஒன்று உரசிக்கொண்டிருந்தாலும் அன்றைக்கு வெறும் கையோடு திரும்புங்கள். தீனி போடச் சொல்லிப் பாருங்கள், சரக்கு என்றைக்கு வந்தது என்று கேளுங்கள். நேற்று இறங்கிய மீனை ஒரு வாரம் கழித்து வாங்குவது நல்லது.

கையை விட்டா நமக்கு ஏதாவது தொத்துமா?

வெண்புள்ளி, வெல்வெட் எதுவும் தொற்றாது. ஆனால் மீன் காசநோய் என்று சொல்லப்படும் மைக்கோபாக்டீரியம் கையில் உள்ள வெட்டுக்காயம் வழியே வரலாம். மீன் மெலிந்துகொண்டே போகும், முதுகெலும்பு வளையும். நமக்கு விரலில் ஆறாத கட்டியாக வாரக்கணக்கில் இருக்கும். அப்படி ஏதாவது வந்தால் மீன் தொட்டி வைத்திருப்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள், சொல்லாவிட்டால் அவருக்குத் தோன்றாமலே போகலாம். காயம் இருந்தால் கையுறை போடுங்கள், சைஃபன் குழாயை வாயால் உறிஞ்சாதீர்கள்.

பிழைக்காதுன்னு தெரிஞ்சுடுச்சு. கழிப்பறையில விட்டுடவா, குளத்துல விட்டுடவா?

இரண்டும் வேண்டாம். கழிப்பறையில் அது உயிரோடு தவிக்கும், குளத்தில் விட்டால் நோயும் சேர்ந்து போகும். கிராம்பு எண்ணெயில் சில துளியை வெதுவெதுப்பான தண்ணீரோடு ஒரு புட்டியில் போட்டுப் பால் மாதிரி ஆகும்வரை குலுக்கி, மீன் இருக்கும் சிறு பாத்திரத்தில் மெல்ல ஊற்றுங்கள். மீன் சாய்ந்து தூங்கிவிடும். பிறகு இன்னும் கொஞ்சம் ஊற்றி, செவுள் அசைவு நின்ற பிறகும் அரை மணி நேரம் விட்டுவிடுங்கள்.

எல்லாம் செத்துடுச்சு. எத்தனை நாள் கழிச்சு புது மீன் விடலாம்?

எதனால் செத்தது என்பதைப் பொறுத்தது. தண்ணீர்தான் காரணம் என்றால் அம்மோனியாவும் நைட்ரைட்டும் 0 ஆகி அப்படியே நிற்கும் வரை. வெண்புள்ளி என்றால், மீனே இல்லாத தொட்டியில் அதற்கு உணவு இல்லை. ஹீட்டரை 28 டிகிரியில் வைத்து இரண்டு வாரம் விட்டால் போதும். மீன் காசநோய் என்று சந்தேகம் இருந்தால் மணல், ஃபில்டர் பஞ்சு எல்லாவற்றையும் எறிந்துவிட்டு, தொட்டியைக் கிருமிநாசினியால் கழுவிப் புதிதாகத்தான் தொடங்க வேண்டும். காலித் தொட்டி என்று ஃபில்டரை நிறுத்திவிடாதீர்கள், தினமும் ஒரு சிட்டிகை தீனியும் போட்டுவாருங்கள், அது அழுகி வரும் அம்மோனியாவில்தான் பாக்டீரியா உயிரோடு இருக்கும்.